முதல் பத்து பேரைத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா லோகோ?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. செமஸ்டர், இன்டர்னல், அப்புறம் வழக்கமான சோம்பேறித்தனம். போன வாரம் எங்கள் காலேஜில் மறுபடியும் பிசினஸ் பிளான் போட்டி வைத்தார்கள். நான் போட்டியாளராகப் போகவில்லை, சேர் எடுத்துப் போடப் போனேன். பதினான்கு டீம். பதினான்கு பேரும் கடைசிக்கு முந்தின ஸ்லைடில் "மார்க்கெட்டிங் ஸ்ட்ராட்டஜி" என்று போட்டு இன்ஸ்டாகிராம் படம், வாட்ஸப் படம், யூட்யூப் படம் மூன்றையும் வரிசையாக ஒட்டியிருந்தார்கள். ஒருத்தர்கூட "எங்கள் முதல் வாடிக்கையாளர் இந்த மனிதர், இந்தத் தெருவில் இருக்கிறார், நேற்று பேசினோம்" என்று சொல்லவில்லை. நடுவர்களில் ஒருத்தர்கூட அதைக் கேட்கவும் இல்லை. வயிற்றெரிச்சல் தாங்காமல்தான் இந்தப் பதிவு.

வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது மக்களே. இரண்டு வருடம் முன்னால் அதே மேடையில் அதே ஸ்லைடைப் போட்டு இரண்டாம் பரிசு வாங்கியவன் நான். ஐயாயிரம் ரூபாயும் ஒரு கேடயமும். கேடயம் இப்போது ஹாஸ்டல் ரூமில் கதவு அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

கதையைச் சொல்லிவிடுகிறேன். பி.காம் படிக்கிறவர்களுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போடுவதே பாதி வாழ்க்கை. ஜர்னல் என்றால் ஐந்து பத்தி, லெட்ஜர் என்றால் எட்டு பத்தி, ஒரு கணக்கு போடுவதற்குள் பத்து கோடு. என் கூடப் படிக்கும் நண்பன் ஒருத்தனின் அப்பா சிவகாசியில் ஒரு சின்ன பைண்டிங் யூனிட்டில் வேலை பார்க்கிறார். "கோடு போட்டே அச்சடிச்ச அக்கவுண்ட்ஸ் நோட்டு போடுவோமா மாப்ள?" என்று ஒரு நாள் மெஸ்ஸில் ஆரம்பித்தான். லாங் சைஸ், முன்பாதி ஜர்னல், பின்பாதி லெட்ஜர், மேலே தலைப்பு எல்லாம் அச்சில். இப்படி நோட்டு ஏற்கனவே சில கடையில் உண்டு, நாங்கள் ஒன்றும் ராக்கெட் விடவில்லை. ஆனால் எங்கள் காலேஜ் சுற்றிக் கிடைப்பதில் பேப்பர் மட்டம், மை மறுபக்கம் ஊறும். சரி, நல்லதாகப் போடுவோம் என்று இறங்கினோம்.

இறங்கினோம் என்றால் எப்படி? பாடத்தில் படித்த மாதிரி. முதலில் மார்க்கெட் ரிசர்ச். கூகுள் ஃபார்ம் ஒன்று தயார் செய்து எல்லா வாட்ஸப் குரூப்பிலும் போட்டோம். 212 பேர் நிரப்பினார்கள். "இப்படி ஒரு நோட்டு வந்தால் வாங்குவீர்களா?" என்ற கேள்விக்கு 178 பேர் "ஆமாம்". 84 சதவீதம்! அப்புறம் ஸ்வாட் அனாலிசிஸ், அப்புறம் செக்மென்டேஷன், டார்கெட்டிங், பொசிஷனிங். பெரிய வட்டத்துக்குள் நடு வட்டம், நடு வட்டத்துக்குள் சின்ன வட்டம். "தமிழ்நாட்டு வணிகவியல் மாணவர்களில் வெறும் 1 சதவீதம் எங்களிடம் வாங்கினால் போதும்" என்று நான் மேடையில் சொன்னபோது கைதட்டல் வேறு. அந்த ஒரு சதவீதத்தின் பெயர், ஊர், முகம் எதுவும் எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

பிறகு செலவுக் கணக்கு. (காமர்ஸ் மாணவன் பதிவில் கணக்கு இல்லாவிட்டால் எப்படி?) ஆயிரம் நோட்டு, ஒன்றுக்கு 38 ரூபாய், ஆக 38,000. லோகோ 3,500. இன்ஸ்டாகிராம் விளம்பரம் 9,000. ஃபிளெக்ஸும் ஸ்டாண்டியும் 1,800. வெப்சைட்டும் டொமைனும் 2,700. மார்க்கெட்டிங் மட்டும் 17,000. மொத்தம் 55,000. இதில் நானும் இன்னொருத்தனும் ஆளுக்கு 7,500 போட்டோம். மிச்சம் 40,000 நண்பனின் அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடன். வாரத் தவணை. அந்த அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறார்.

இரண்டு மாதத்தில் விற்றது 43 நோட்டு. அதில் 29 எங்கள் கிளாஸ் பசங்க, முகத்துக்காக வாங்கினவர்கள். "வாங்குவேன்" என்று சொன்ன 178 பேர் எங்கே போனார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த ஃபார்மை நிரப்ப அவர்களுக்குச் செலவு நாற்பது விநாடி. "ஆமாம்" என்று அமுக்கினால் நண்பன் சந்தோஷப்படுவான், "இல்லை" என்று அமுக்கினால் "ஏன்?" என்று அடுத்த கேள்வி வரும். நானாக இருந்தாலும் ஆமாம் என்றுதான் அமுக்கியிருப்பேன்.

17,000-ஐ 43-ஆல் வகுங்கள். ஒரு நோட்டு விற்க 395 ரூபாய் மார்க்கெட்டிங் செலவு. நோட்டு விலை 65. லாபம் 27. இதைத்தான் ஸ்லைடில் "டிஜிட்டல் மார்க்கெட்டிங் மூலம் குறைந்த செலவில் அதிக ரீச்" என்று எழுதியிருந்தோம் :-)

இங்கே நிறுத்தி ஒரு விஷயம். இது எங்கள் முட்டாள்தனம் மட்டும் என்று நினைத்து நான் கொஞ்ச நாள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, இதே கணக்கை அமெரிக்காவில் பெரிய மூளைகளும் போட்டிருக்கின்றன என்று. டிராப்பாக்ஸ் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அதைத் தொடங்கிய ட்ரூ ஹூஸ்டன் 2010-ல் ஒரு மேடையில் தன் கணக்கைத் திறந்து காட்டினார். கம்பெனி என்றால் கூகுளில் விளம்பரம் கொடுக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னதால் அவர்களும் கொடுத்தார்கள். ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 233 முதல் 388 டாலர் வரை செலவானது. அவர்கள் விற்ற பொருளின் விலை வருடத்துக்கு 99 டாலர். எங்கள் நோட்டுக் கணக்கின் அண்ணன்! ஆனால் அவர்கள் எங்களைவிடப் புத்திசாலிகள், நிறுத்திவிட்டார்கள். ஏற்கனவே பயன்படுத்துகிறவன் தன் நண்பனைக் கூட்டி வந்தால் இரண்டு பேருக்கும் கொஞ்சம் கூடுதல் இடம் என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். புதிதாகச் சேர்கிறவர்கள் அதனால் நிரந்தரமாக 60 சதவீதம் கூடினார்கள் என்கிறது அவர்கள் கணக்கு. 2008 செப்டம்பரில் ஒரு லட்சமாக இருந்த பதிவு 2010 ஜனவரியில் 40 லட்சம்.

நிறுத்தாதவர்கள் கதையும் உண்டு. பெட்ஸ் டாட் காம். நாய் பூனைக்குத் தீனி விற்ற கம்பெனி. 1999 பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை விற்பனை சுமார் 6,19,000 டாலர், விளம்பரச் செலவு ஒரு கோடியே 18 லட்சம் டாலர். மறுபடி படியுங்கள், எழுத்துப்பிழை இல்லை. 2000 ஜனவரியில் சூப்பர் பவுல் ஆட்டத்துக்கு நடுவே பன்னிரண்டு லட்சம் டாலர் விளம்பரம், பிப்ரவரியில் பங்குச் சந்தையில் 8 கோடியே 25 லட்சம் டாலர் திரட்டல், நவம்பரில் கடையை மூடல். அவர்களுடைய சாக்ஸ் பொம்மை நாய் நாடு முழுக்கப் பிரபலம். விளம்பரம் தோற்கவே இல்லை, அபாரமாக ஜெயித்தது. பொருளை வாங்கின விலைக்கும் கீழே விற்றார்கள், அதனால் வாடிக்கையாளர் கூடக் கூட நஷ்டமும் கூடியது. விளம்பரம் அந்தக் குழியை வேகமாகத் தோண்டிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

என் கோபம் அந்தக் கம்பெனி மேல் இல்லை. ஊரான் ஊட்டுப் பணம், போகட்டும். என் கோபம் எங்கள் மார்க்கெட்டிங் பேப்பர் மேல். ஐந்து யூனிட், அதில் நாலு பி, எஸ்.டி.பி, பிராண்ட் ஈக்விட்டி, ப்ராடக்ட் லைஃப் சைக்கிள். இதெல்லாம் தப்பு என்று நான் சொல்லவில்லை. இவை யாருக்காக எழுதப்பட்டவை? ஏற்கனவே சந்தை இருக்கிற, ஏற்கனவே பொருள் இருக்கிற, பத்து வருட விற்பனைக் கணக்கு கையில் இருக்கிற பெரிய கம்பெனியில் ஒரு பிராண்ட் மேனேஜருக்காக. மெக்கார்த்தி 1960-ல் நாலு பி-யைப் புத்தகத்தில் போட்டபோது அவர் மனதில் இருந்தது மூன்று பையன்களும் ஆயிரம் நோட்டும் இல்லை. "சந்தையை அளந்து, துண்டு போட்டு, ஒரு துண்டைத் தேர்ந்தெடு" என்றால் அளக்க ஒரு சந்தை வேண்டாமா? முதல் நாளில் கம்பெனிக்கு சந்தையே கிடையாது. ரெண்டு மூன்று மனிதர்கள்தான் உண்டு. மனிதர்களைத் துண்டு போட முடியாது, பேசத்தான் முடியும்.

இதை நான் மட்டும் உளறவில்லை. சரஸ் சரஸ்வதி என்று ஒரு பேராசிரியை, அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். 1990-களில் கார்னகி மெலனில் ஆராய்ச்சி செய்தபோது (வழிகாட்டி யார் தெரியுமா, நோபல் வாங்கிய ஹெர்பர்ட் சைமன்!) பல கம்பெனிகளைத் தொடங்கி நடத்தி அனுபவப்பட்ட 27 பேரை எடுத்துக்கொண்டார். ஒரு கற்பனைப் பொருளைக் கொடுத்து, இதை வைத்து கம்பெனி தொடங்குங்கள், யோசிப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றார். டேப்பில் பதிவு செய்து அலசினார். அதே ஆட்களையும், தொழில் தொடங்கிய அனுபவம் அதிகம் இல்லாத 37 மேனேஜர்களையும் ஒப்பிட்டு அவரும் சகாக்களும் 2009-ல் ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்கில் ஒரு கட்டுரை எழுதினார்கள். விஷயம் இதுதான்: ஒரே பிரச்சினை, ஒரே தகவல். மேனேஜர்கள் கொடுத்த சர்வே எண்களை எடுத்து வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். அனுபவசாலிகளில் பலர் அந்த எண்களை நம்பவே இல்லை. ஓரமாகத் தள்ளிவிட்டு "எனக்குத் தெரிந்த ஆள் யார், அவனிடம் போய் இதை விற்றுப் பார்க்கிறேன்" என்று ஆரம்பித்தார்கள். யார் முதலில் கையைக் கொடுக்கிறாரோ அவரைக் கூட்டாளியாக்கிக்கொண்டு, அவர் வழியாகச் சந்தை எது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த 27 பேரும் ஜெயித்தவர்கள். ஜெயித்தவனைக் கேட்டால் அவன் செய்ததெல்லாம் ஞானமாகத்தான் தெரியும். இதே மாதிரி தெரிந்தவனிடம் போய் விற்றுப் பார்த்துத் தோற்றவன் எத்தனை பேர் என்று அந்த டேப்பில் இருக்காது. எனக்கும் இந்த சந்தேகம் உண்டு. ஆனால் தோற்பதிலும் வித்தியாசம் இருக்கிறதே! பத்து பேரிடம் பேசித் தோற்றால் நஷ்டம் பஸ் காசு. எங்களை மாதிரித் தோற்றால் ஒரு அம்மாவுக்கு வாரா வாரம் தவணை.

அமெரிக்காவை விடுங்கள், கடலூருக்கு வாருங்கள். சிக் ஷாம்பு. சி.கே. ரங்கநாதன் 1983-ல் வீட்டை விட்டு வெளியே வந்து 15,000 ரூபாயில் ஆரம்பித்தது. அப்பா சின்னிகிருஷ்ணன் சாஷே என்ற யோசனைக்கே முன்னோடி, குடும்பத்தில் ஏற்கனவே வெல்வெட் ஷாம்பு ஓடிக்கொண்டிருந்தது. அதாவது எதிரே நின்றது சொந்தக் குடும்பத்து பிராண்டு. (நம் வீட்டில் எல்லாம் டி.வி. ரிமோட்டுக்கே சண்டை.) டி.வி. விளம்பரத்துக்குப் பணம் கிடையாது. என்ன செய்தார்கள்? கிராமம் கிராமமாகப் போய், கூட்டத்துக்கு நடுவே ஒரு பையனைக் கூப்பிட்டு அவன் தலையில் ஷாம்பு போட்டுக் குளிக்க வைத்து, "தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க" என்றார்கள். ஷாம்பு என்றால் என்ன என்றே பழகாத ஊரில் இதைவிட வேறு என்ன விளம்பரம் புரியும்? பிறகு ரஜினி படம் போட்டு, நடுவில் தங்கள் விளம்பரம், முடிந்ததும் செய்து காட்டல், போகிறவர்கள் கையில் ஒரு இலவச சாஷே.

எனக்கு மிகப் பிடித்தது அடுத்தது. எந்த ஷாம்பு என்றாலும் சரி, ஐந்து காலி சாஷே கொண்டு வந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்றார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். காலி சாஷேவோடு வருகிறவன் யார்? ஏற்கனவே ஷாம்பு வாங்குகிறவன். அவனைக் கண்டுபிடிக்க சர்வே வேண்டாம், செக்மென்டேஷன் வேண்டாம், அவனே அத்தாட்சியோடு கடை வாசலில் நிற்கிறான். அதுவும் எதிராளியின் வாடிக்கையாளன். செலவு? அவன் வந்தால்தான் செலவு, வராவிட்டால் பைசா கிடையாது. கொஞ்ச நாள் கழித்து திட்டத்தை மாற்றினார்கள்: இனிமேல் சிக் காலி சாஷே ஐந்து கொண்டு வந்தால் மட்டும் இலவசம். முதலில் ருசி காட்டல், அடுத்து பழக்கமாக்கல். மாதம் 35,000 ரூபாய் விற்பனை 12 லட்சத்துக்குப் போனது என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம்தான் மல்லிகை, ரோஜா வாசனை, அதோடு நடிகை அமலா விளம்பரம், மாதம் ஒரு கோடி.

வரிசையைக் கவனியுங்கள். அமலா கடைசியில் வருகிறார். எங்கள் போட்டியில் பதினான்கு டீமும் அமலாவிலிருந்து ஆரம்பித்தார்கள்.

"அப்போ விளம்பரமே வேண்டாங்கிறியா?" என்று ஒரு ஜூனியர் நேருக்கு நேர் கேட்டான். இல்லைப்பா. எதைச் சொன்னால் எவன் வாங்குவான் என்று தெரிந்த பிறகு விளம்பரம் பெருக்கல் குறி மாதிரி. தெரிவதற்கு முன்னால் பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் என்ன வரும் என்று நான்காம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். இன்னொன்றும் கேட்டான்: "அண்ணா, வீடு வீடாப் போறது எல்லாம் நிர்மா காலம். இப்ப எல்லாரும் போன்லதானே இருக்காங்க?" கர்சன்பாய் படேல் 1969-ல் அகமதாபாத்தில் சைக்கிளில் பொடி விற்றது பழைய கதைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏர்பிஎன்பி? அது இன்டர்நெட் கம்பெனிதானே? 2009-ல் வாரத்துக்கு 200 டாலர் வருமானத்தில் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். விளம்பரம் கொடுக்கவில்லை. விமானம் ஏறி நியூயார்க் போய், வீடு வாடகைக்கு விட்டவர்களின் கதவைத் தட்டி, வாடகை கேமராவில் அவர்கள் வீட்டை நல்லதாகப் படம் எடுத்துக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் 400 டாலர். இரட்டிப்பு! போனில் இருக்கிற ஆளும் மனிதன்தான், அவன் வீட்டுக்கும் கதவு உண்டு.

ஆனால் உண்மையில் எனக்குப் புரிய வைத்தது ஏர்பிஎன்பியும் இல்லை, சிக்கும் இல்லை. காலேஜ் கேட் எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை அண்ணன்.

மூன்று மாதம் கழித்து, மீதி நோட்டைப் பார்க்கவே கஷ்டமாக இருந்ததால், ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போய் "அண்ணே, சும்மா வச்சிருங்கண்ணே, வித்தா காசு கொடுங்க" என்றோம். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பேப்பரை விரலால் தேய்த்தார். பிறகு, "ஏன் தம்பி, உங்க காலேஜ் புள்ளைங்க எங்க நோட்டுல கணக்குப் போடுறாங்க? பரிட்சைக்கு முந்தின நாள் எவனோ எழுதினதை ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போறானுங்க. தினமும் கணக்குப் போடுறது யாரு? பிளஸ் ஒன், பிளஸ் டூ புள்ளைங்க. டியூஷன்ல போட்டாத்தான் சார் விடுவாரு" என்றார்.

212 பேர், ஒரு ஸ்வாட், மூன்று வட்டம், இரண்டாம் பரிசு. எதிலும் இது இல்லை. கடை எங்கள் கேட்டுக்கு எதிரே, நாங்கள் தினமும் டீ குடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில்.

அவரே ஒரு டியூஷன் சார் நம்பரும் கொடுத்தார். போனோம். மாடியில் தகரக் கொட்டகை போட்டு நாற்பது பிள்ளைகள். சார் நோட்டை வாங்கி ஒரே ஒரு நொடி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நல்லாருக்கு. ஆனா இங்க எல்லாம் தமிழ் மீடியம். 'டெபிட், கிரெடிட், எல்.எஃப்'னு போட்டிருக்கீங்க. பப்ளிக் எக்ஸாம்ல 'நாள், விவரம், பே.ப.எ, பற்று, வரவு'ன்னுல எழுதணும்? அச்சுல இங்கிலீஷ்ல பாத்துப் பழகிட்டா பரிட்சையில குழம்பிடுவாங்க" என்றார்.

நானும் பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்தவன்தான். குறிப்பேடு, பேரேடு என்று எழுதித்தான் மார்க் வாங்கினேன். காலேஜ் வந்த மூன்றே செமஸ்டரில் எனக்கு அது மறந்து போயிருந்தது. வெட்கமாக இருந்தது. லோகோவில் எந்த நீலம் போடுவது என்று இரண்டு ராத்திரி விவாதித்த நாங்கள், நோட்டுக்குள் எந்த மொழியில் தலைப்பு போடுவது என்று இரண்டு நிமிடம் யோசிக்கவில்லை.

"தமிழ்ல போட்டுத் தந்தா எடுத்துக்கிறீங்களா சார்?" என்று நண்பன் கேட்டான். இந்த ஒரு கேள்விதான் எங்கள் ஒன்றரை வருட மார்க்கெட்டிங்கில் உருப்படியான ஒரே கேள்வி. சார் "எடுத்துக்கிறேன்"னு சொல்லியிருந்தால் அது கூகுள் ஃபார்ம் மாதிரிதான். அவர் மேசை டிராயரைத் திறந்து ரெண்டாயிரம் ரூபாய் எடுத்துக் கொடுத்தார். "நாற்பது பேருக்கு ரெண்டு ரெண்டு. அட்வான்ஸ் வச்சுக்கங்க. காலாண்டுக்கு முன்னாடி வந்துரணும்." அந்த ரெண்டாயிரம் ரூபாய் சொன்ன தகவலை 178 "ஆமாம்" சொல்லவில்லை.

இருநூறு நோட்டு தமிழில் அடித்தோம். லோகோ போடவில்லை, அட்டையில் பிள்ளை பேர் எழுத இடம் வேண்டும் என்று சார் சொன்னார். சாருக்கு எண்பது. மிச்சத்தை அவர் வேறு இரண்டு டியூஷனுக்குச் சொல்லி அனுப்பினார். அப்புறம் இன்னொரு முந்நூறு. விளம்பரச் செலவு: பஸ், டீ, ஒரு தடவை சாருக்கு வாங்கிப் போன அரை கிலோ சேவு. பழைய இங்கிலீஷ் நோட்டை ஜெராக்ஸ் அண்ணன் ஐம்பது ரூபாய்க்குத் தள்ளிவிடுகிறார், அவருக்கு ஏழு ரூபாய். இன்னும் முந்நூறு சொச்சம் என் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது, மழை வந்தால் முதலில் அதைத்தான் மேலே தூக்குகிறேன். யாரும் கோடீஸ்வரன் ஆகவில்லை. குழுக் கடனில் இன்னும் பதினோரு தவணை பாக்கி.

இதில் இன்னொரு எரிச்சல். இந்த டியூஷன் சார் கதையை போன வருடம் அதே போட்டியில் எங்கள் ஜூனியர்களுக்குச் சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். சொன்னேன். முடித்ததும் ஒரு பெரியவர், "இதெல்லாம் சேல்ஸ் தம்பி, மார்க்கெட்டிங் இல்லை, இதை ஸ்கேல் பண்ண முடியாது" என்றார். சபையில் பதில் சொல்லவில்லை, வீட்டில் அப்படி வளர்த்துவிட்டார்கள். இங்கே சொல்கிறேன். சார், நாற்பது பேர் வாங்காத ஒன்றை நாலு லட்சம் பேருக்கு எப்படி ஸ்கேல் செய்வீர்கள்? சேல்ஸ் வேறு, மார்க்கெட்டிங் வேறு என்று பிரிப்பதற்கு இரண்டு டிபார்ட்மென்ட் வேண்டும். எங்களிடம் இருந்தது மூன்று பேரும் ஒரு டி.வி.எஸ் எக்ஸெல்லும். விற்கப் போனவன்தான் பொருள் தப்பு என்று கண்டுபிடித்தான். தப்பு தெரிந்ததால்தான் தலைப்பை மாற்றினோம். தலைப்பை மாற்றியதால்தான் அட்வான்ஸ் வந்தது. இதில் எந்த இடத்தில் சேல்ஸ் முடிந்து எந்த இடத்தில் மார்க்கெட்டிங் ஆரம்பிக்கிறது என்று ஐந்து மார்க் விடையாக எழுதித் தாருங்கள், நான் மனப்பாடம் செய்துகொள்கிறேன்.

ஏன் காலேஜ்கள் இதைக் கேட்பதில்லை என்றும் யோசித்துப் பார்த்தேன். ஸ்லைடுக்கு மார்க் போடுவது சுலபம். ஒரே மதியத்தில் பதினான்கு டீமை முடித்துவிடலாம். "போ, பத்து பேரிடம் பேசிவிட்டு வா, ஒருத்தரிடமாவது அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வா" என்றால் ஒரு மாதம் ஆகும், பாதிப் பேர் வெறுங்கையோடு வருவார்கள், கேடயம் யாருக்கு என்று குழப்பம். எங்களுக்கும் ஸ்லைடுதான் வசதி. கேன்வாவில் உட்கார்ந்து லோகோ செய்யும்போது யாரும் "வேண்டாம் தம்பி" என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. கடைக் கடையாக ஏறினால் சொல்வார்கள். நான் அந்த 9,000 ரூபாயை இன்ஸ்டாகிராமுக்குக் கொடுத்தது விளம்பரத்துக்காக இல்லை, அந்த "வேண்டாம் தம்பி"யைக் கேட்காமல் இருப்பதற்காக. இப்போது யோசித்தால் அப்படித்தான் தெரிகிறது. அதுவும் யாருடைய காசில்!

போன வாரப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய டீம் ஹாஸ்டல் பிள்ளைகளுக்குத் துணி துவைத்துக் கொடுக்கும் ஆப். நல்ல பசங்க. மேடையை விட்டு இறங்கியதும் சேரை மடக்கிக்கொண்டே கேட்டேன், "நம்ம ஹாஸ்டலுக்கு சனிக்கிழமை வந்து துணி எடுத்துட்டுப் போற அக்காகிட்ட பேசினீங்களாப்பா?" எந்த அக்கா என்றார்கள்.

நிற்க. டியூஷன் சார் நேற்று போன் செய்தார். அடுத்த பாடத்துக்கு முப்பத்தி ரொக்க ஏடு வேண்டுமாம், இரண்டு பக்கமும் விரித்து வைத்தாற்போல ஒரே தாளில், தள்ளுபடி, ரொக்கம், வங்கி மூன்று பத்தியோடு. அதற்குத் தாள் அகலம் பத்துமா என்று நண்பனின் அப்பாவிடம் கேட்க ஞாயிற்றுக்கிழமை சிவகாசி போகிறோம். பின்னூட்டம் போடுகிறவர்கள் போடுங்கள், திங்கட்கிழமை வந்து பதில் சொல்கிறேன்.

டிஸ்கி: எங்கள் மார்க்கெட்டிங் மேடம் இதைப் படித்தால், மேடம், யூனிட் மூன்று நீங்கள் நன்றாகத்தான் நடத்தினீர்கள். இன்டர்னல் மார்க்கில் கை வைக்க வேண்டாம் :-)